புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

தங்கமீன் வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அசைவு உண்டு. சும்மா நீந்திக்கொண்டிருக்கும் மீன் திடீரென்று ஒருக்களித்து, தொட்டி அடியில் கிடக்கும் கல்லிலோ ஃபில்டர் குழாயிலோ விலாவைத் தேய்த்துவிட்டு விருட்டென்று விலகும். அந்த நொடியில் அதன் வயிறு பளிச்சென்று மின்னும். எப்போதாவது ஒரு தடவை என்றால் பேசாமல் விட்டுவிடலாம். ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப உரசினால் ஏதோ சரியில்லை.

அந்த ஏதோ என்னவென்று பார்க்காமலேயே நம்மில் பலர் மருந்துப் புட்டியைத் திறந்துவிடுகிறோம். உரசுகிறதா, ஒட்டுண்ணிதான், ஊற்று மருந்தை. இப்படி ஊற்றியதால் செத்த மீன்கள் ஒட்டுண்ணியால் செத்த மீன்களைவிடக் குறைவாக இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால், உரசுவது, துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொள்வது, நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளப்பது, சாப்பாட்டுக்கு வராமல் மூலையில் நிற்பது எல்லாமே அம்மோனியா ஏறிய தண்ணீரிலும் அப்படியே நடக்கும். தங்கமீன் நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிக்கும் மீன். செவுள் வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஃபில்டரில் வாழும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றினால்தான் தண்ணீர் தாங்கும். தொட்டி புதிது, அல்லது யாரோ ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளபளவென்று கழுவிவிட்டார்கள் என்றால் அந்தப் பாக்டீரியா இருக்காது. அம்மோனியா செவுளைச் சுடும், மீன் உரசும். அதனால் அம்மோனியா, நைட்ரைட், பி.ஹெச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) மூன்றையும் சோதித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பி.ஹெச். ஏற ஏற அதே அளவு அம்மோனியா கூடுதல் நஞ்சாகும் என்பதால் மூன்றாவதையும் தெரிந்துகொள்வது அவசியம்.

தண்ணீரா, ஒட்டுண்ணியா என்று பிரித்துப் பார்க்க எனக்கு உதவுவது நேரம்தான். தண்ணீர் கெட்டால் கிட்டத்தட்ட எல்லா மீனும் ஒரே சமயத்தில் அவதிப்படும், குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரைப் பாதிக்குப் பாதி மாற்றினால் சில மணி நேரத்தில் தெளியும். ஒட்டுண்ணி பெரும்பாலும் ஒரு மீனில் தொடங்கி, நாட்கணக்கில் மற்றவற்றுக்குப் பரவும். தண்ணீர் மாற்றினால் கொஞ்சம் ஆசுவாசம் கிடைக்கும், ஆனால் மறுநாளும் உரசும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. மோசமான தண்ணீரில் மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும், அதுவரை அடங்கியிருந்த ஒட்டுண்ணி அப்போது பெருகும். எப்படியிருந்தாலும் தண்ணீரைச் சரிசெய்யாமல் எந்த மருந்தும் வேலைக்கு ஆகாது.

சரி, தண்ணீர் நன்றாக இருக்கிறது, மீன் இன்னும் உரசுகிறது. இனி மீனைப் பார்க்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பகல் வெளிச்சத்தில் தெரியாத பல விஷயங்கள் தெரியும். தோல்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறதா? மீனின் வழவழப்பு அளவுக்கு மீறிச் சுரந்தால் அப்படித் தெரியும். மூச்சு விடும்போது ஒரு பக்கச் செவுள் மூடி மட்டும் அசைகிறதா? செவுள் புழு இருக்கும்போது இதைப் பார்த்திருக்கிறேன். வால் துடுப்பில் நூல் மாதிரி ஏதாவது தொங்குகிறதா? வெள்ளைப் புள்ளி இருக்கிறதா?

வெள்ளைப் புள்ளி என்றதும் பதற வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன்விளிம்பில் இருக்கும் தடித்த முள்ளிலும் வெள்ளை வெள்ளையாகச் சிறு முடிச்சுகள் வரும். பெண் மீனைத் துரத்தி இடிக்கும் பருவத்தின் அடையாளம் அது, நோயே இல்லை. ஒரே அளவில், ஓரளவு வரிசையாக, அந்தந்த இடத்தோடு நிற்கும். வெண்புள்ளி நோயில் புள்ளிகள் அப்படி ஒழுங்காக இருக்காது. கண்ணாடி போன்ற வால் துடுப்பில், முதுகில், கண்ணோரத்தில் என்று உப்புத் தூள் தூவியதைப் போல இரைந்து கிடக்கும், நாளுக்கு நாள் கூடும். மார்புத் துடுப்பின் முள்ளில் மட்டும் புள்ளி வைத்துக்கொண்டு உற்சாகமாகத் திரியும் ஆண் மீனுக்கு மருந்து குளியல் போடும் கொடுமையை யாரும் செய்ய வேண்டாம்.

வெண்புள்ளி நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்ற ஒட்டுண்ணிகளின் போக்கும் பாதி புரிந்துவிடும். இதற்குக் காரணம் இக்தியோப்தைரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. 1876இல் ஃபூகே என்பவர் இதை விவரித்துப் பெயரிட்டார். நம் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுத்துக்கொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அது முற்றியதும் மீனைவிட்டு உதிர்ந்து தொட்டியின் அடியில் போய், தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். உள்ளே இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகும், சில சமயம் ஆயிரம் வரைகூட. உறையைக் கிழித்துக்கொண்டு அவை வெளியே வந்து நீந்தும்போது ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

மருந்தோ உப்போ கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் தொட்டித் தண்ணீரில் கலந்த மருந்து எட்டுவதில்லை. மருந்து போட்ட மூன்றாம் நாள் புள்ளிகள் எல்லாம் மறைந்து மீன் பளிச்சென்று இருந்தால் குணமாகிவிட்டது என்று மகிழ்வோம். உண்மையில் புள்ளிகள் பழுத்து உதிர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். மருந்தே போடாவிட்டாலும் அவை உதிர்ந்திருக்கும். இப்போது மீன்மேல் ஒன்றும் இல்லை, அடியில் கிடக்கும் மணலில் எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு மருந்தை நிறுத்தினால் அடுத்த வாரம் பத்துப் புள்ளி இருந்த இடத்தில் இருநூறு இருக்கும்.

இந்தச் சுற்று எத்தனை நாளில் முடியும் என்பதைத் தண்ணீரின் வெப்பம் தீர்மானிக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய நான்கைந்து நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கும் மேல் இழுக்கும். ஆகவே 'ஐந்து நாள் மருந்து' என்று புட்டியில் எழுதியிருப்பது குளிர்ந்த தொட்டிக்குப் பொருந்தாது. தெர்மாமீட்டரைப் பார்த்துத்தான் நாட்களைக் கணக்குப் போட வேண்டும். ஹீட்டர் இருந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக 25, 26 வரை ஏற்றுவேன். உறைக்குள் இருப்பவை சீக்கிரம் வெளியே வந்து உப்பில் மாட்டும். வெப்பமண்டல மீன்களுக்குச் செய்வதுபோல 30க்கு மேல் ஏற்றுவது தங்கமீனுக்கு ஏற்றதாக எனக்குப் படவில்லை. அது குளிர்ந்த நீர் மீன். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். ஏற்கெனவே செவுள் புண்ணாகி மூச்சுத் திணறும் மீனிடம் இருந்து அதையும் பிடுங்குவானேன்? என்ன செய்தாலும் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இன்னொன்று போட்டுவிடுங்கள்.

உப்பு என் முதல் தேர்வு. வேறெதுவும் சேர்க்காத வெறும் உப்பு போதும். லிட்டருக்கு 3 கிராம் என்பது இலக்கு, தங்கமீன் அதை நன்றாகத் தாங்கும். ஒரே அடியாகக் கொட்டாமல் மூன்று பங்காக்கி, ஒரு பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் ஊற்றி முடிக்கலாம். தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். 60க்கு 30க்கு 35 என்றால் 63 லிட்டர். கல்லும் மணலும் பிடித்துக்கொண்ட இடத்தைக் கழித்தால் 55 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு 165 கிராம் உப்பு.

உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றிக் குறைந்ததற்கு ஈடாக ஊற்றும்போது வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், வாளியில் எடுத்து மாற்றிய தண்ணீருக்கு மட்டும் அதற்கேற்ற உப்பு சேர்க்க வேண்டும். செடிகள் இருந்தால் முன்பே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், பல செடிகள் இந்த உப்பில் கருகிவிடும். ஃபில்டரில் அம்மோனியாவை உறிஞ்ச ஜியோலைட் கல் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் உப்பையே தொட வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் ஜியோலைட் அதுவரை பிடித்துவைத்திருந்த அம்மோனியாவையெல்லாம் திருப்பிக் கக்கிவிடும். 25 டிகிரியில் கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் இன்னொரு வாரமாவது உப்பை நிறுத்த மாட்டேன். தினமும் அடியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பேன். அடியில் கிடக்கும் உறைகளில் ஒரு பங்கு மருந்தில்லாமலே வெளியே போய்விடும்.

பிழைத்து எழுந்த மீனுக்கு இந்த ஒட்டுண்ணிக்கு எதிராக ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். பழைய மீன்கள் நன்றாக இருக்கும், புதிதாக வாங்கி விட்ட மீன்மேல் மட்டும் புள்ளி வரும். புது மீன்தான் நோயைக் கொண்டுவந்தது என்று அதன்மேல் பழி விழும். தொட்டியிலேயே இருந்ததாகவும் இருக்கலாம்.

உப்புக்கு அசையாவிட்டால் ஃபார்மலினும் மாலகைட் கிரீனும் கலந்த மருந்து இருக்கிறது. நன்றாக வேலை செய்யும், ஆனால் எனக்கு அதன்மேல் பயம் உண்டு. ஃபார்மலின் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைக் குறைக்கும். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிவு தெரிந்தால் அது இன்னும் கொடிய நஞ்சாக மாறியிருக்கிறது என்று அர்த்தம், தூக்கிப் போட வேண்டியதுதான். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். எந்த மருந்தாக இருந்தாலும் ஃபில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். ஊற்றிய மருந்தைக் கரி உறிஞ்சிக்கொண்டிருக்க, நாம் மருந்து வேலை செய்யவில்லையே என்று இன்னொரு மருந்தை ஊற்றுவோம்.

வெண்புள்ளியைக் கண்ணால் பார்த்துவிடலாம். மற்ற பலவற்றைப் பார்க்க முடியாது. இங்கேதான் ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப் கைகொடுக்கிறது. பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் தரமே போதும், 40 மடங்கிலிருந்து 400 மடங்கு வரை பெரிதாக்கினால் சரி. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தண்ணீருக்குள்ளேயே மெல்லப் பிடித்து, மார்புத் துடுப்புக்குப் பின்னால் விலாவில், தலையிலிருந்து வால் பக்கமாக, கவர் ஸ்லிப்பின் (ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) விளிம்பால் லேசாக ஓர் இழுப்பு. செதிலின் போக்குக்கு எதிராக இழுத்தால் செதில் பெயர்ந்துவிடும். வரும் வழவழப்பை ஸ்லைடில் வைத்து, தொட்டித் தண்ணீரே ஒரு சொட்டு விட்டு, உடனே பார்க்க வேண்டும். காய்ந்துபோனால் ஒன்றும் அசையாது, அசையாததை அடையாளம் காண்பது கடினம்.

முதல் தடவை நன்றாகத் தெரிந்தது ஒரு தோல் புழு. பெயர் கைரோடாக்டைலஸ். ஒரு முனையில் கொக்கிகளை ஊன்றிக்கொண்டு உடம்பை நீட்டி, வளைத்து, எதையோ தேடுவதுபோல அலைந்துகொண்டிருந்தது. குவியத்தைக் கொஞ்சம் திருப்பியதும் அதன் வயிற்றுக்குள் இன்னொரு ஜோடிக் கொக்கி தெரிந்தது. பிறக்கப்போகும் குட்டியின் கொக்கி. அந்தக் குட்டிக்குள் அதன் குட்டியும் வளரத் தொடங்கியிருக்கும் என்பதைப் பிறகு படித்தேன். இது முட்டையிடாது, முழுசாகக் குட்டியைப் பெற்றுப்போடும். கண்கள் கிடையாது. செவுளில் வாழும் இதன் உறவினர் டாக்டைலோகைரஸுக்குத் தலைப்பக்கம் நான்கு கரும்புள்ளிக் கண்கள் உண்டு, அது முட்டையிடும். இந்த வித்தியாசம் சிகிச்சையையே மாற்றிவிடுகிறது. இரண்டுக்கும் மருந்து பிராசிகுவாண்டல்தான். லிட்டருக்கு 2, 3 மில்லிகிராம் என்ற அளவில் தண்ணீரில் கலப்பார்கள். குட்டி போடுவதற்கு ஒரு முறை சரியாகப் போட்டாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். முட்டையிடுவதற்கு அப்படி இல்லை. முட்டையை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. பொரிந்து வருபவை மறுபடி முட்டையிடும் முன் அடுத்த தவணை, பிறகு இன்னொன்று என்று வாரக்கணக்கில் போக வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இடைவெளியும் நீளும். இந்தத் தூள் தண்ணீரில் எளிதில் கரையாது. மூடி போட்ட புட்டியில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு நெடுநேரம் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும்.

தோல் வழவழப்பில் செவுள் புழு அவ்வளவாகச் சிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மீன் மூச்சுத் திணறுகிறது என்றால் செவுளிலிருந்து மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் வேலை அது, மீன்களைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஸ்லைடில் தெரியும் மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட்டமாக, உள்ளே பல்சக்கரம் வைத்து, இருந்த இடத்திலேயே சுழன்றால் டிரைக்கோடினா. தட்டையாக, கிட்டத்தட்ட இதய வடிவில், மெதுவாக ஊர்ந்தால் கைலோடோனெல்லா, இது குளிர்ந்த தண்ணீரிலும் பெருகும். 400 மடங்கிலும் சின்னஞ்சிறு புள்ளியாகப் படபடவென்று துடித்தால் கோஸ்டியா. அளவில் சிறியது என்று அலட்சியம் வேண்டாம், இளம் மீன்களைச் சீக்கிரம் முடித்துவிடும். மூன்றுக்கும் மேலே சொன்ன உப்பு அளவே பெரும்பாலும் கேட்கும், டிரைக்கோடினாவில் மட்டும் சில அசராமல் நிற்கும். பெரிய உருண்டையாக, உள்ளே லாட வடிவக் கருவோடு, சோம்பலாக உருண்டால் அது நம் வெண்புள்ளிக்காரர்.

மைக்ரோஸ்கோப் தேவைப்படாத இரண்டு ஆட்கள் நங்கூரப் புழுவும் மீன் பேனும். நங்கூரப் புழு புழுவே இல்லை, இறால் நண்டு வகையறா. லின்னேயஸ் 1758லேயே லெர்னியா சிப்ரினேசியா என்று பெயரிட்டுவிட்டார். மீனின் உடம்பில் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது பெண். அதன் தலை நங்கூர வடிவில் கிளைத்துச் சதைக்குள் புதைந்திருக்கும். வெளியே இருக்கும் முனையில் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். குத்திய இடம் சிவந்து வீங்கியிருக்கும்.

இதைப் பிடுங்கத்தான் வேண்டும். நனைத்த துணியில் மீனைப் படுக்கவைத்து, கண்ணையும் அந்தத் துணியாலேயே மூடினால் துள்ளல் குறையும். சாமணத்தைத் தோலை ஒட்டியபடி, புழு நுழைந்த இடத்தில் பிடிக்க வேண்டும். வெளியே தெரியும் நடுப்பகுதியைப் பிடித்தால் அறுந்துவிடும், தலை உள்ளேயே தங்கிப் புண் சீழ் வைக்கும். வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக, அது நுழைந்த கோணத்திலேயே இழுத்தால் ஒரு நொடி தயங்கி, முழுசாக வந்துவிடும். தலையின் கிளைகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம். புண்ணில் பஞ்சால் போவிடோன் அயோடின் ஒரு தொடுகை, செவுளிலும் கண்ணிலும் படாமல். அவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

பிடுங்கியது தாயை மட்டும்தான். அதன் குஞ்சுகள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும், சில செவுளில் ஒட்டியிருக்கும். அவற்றுக்கு டைஃப்ளூபென்சுரான் என்ற மருந்து. இவை சட்டை உரித்து வளர்பவை, புதுச் சட்டை உருவாக விடாமல் தடுப்பதே அந்த மருந்தின் வேலை. சதைக்குள் ஊன்றிய பெண் இனிமேல் சட்டை உரிக்காது, ஆகவே அதை மருந்து தொடாது. கையும் மருந்தும் சேர்ந்தால்தான் தீரும். மருந்து போட்ட தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டக் கூடாது, அங்கே இருக்கும் இறால், நண்டு, பூச்சிக் குஞ்சு எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

மீன் பேனுக்கும் இதே மருந்து கேட்கும். தட்டையாக, ஒளி ஊடுருவும் உடம்பில் இரண்டு கருப்புக் கண்களோடு, செதிலோடு செதிலாக ஒட்டியிருக்கும், சில மில்லிமீட்டர் அளவுதான். இரண்டு வட்ட உறிஞ்சிகளால் பிடித்துக்கொண்டு முள்ளால் குத்தும். நினைத்தபோது மீனைவிட்டு இறங்கி நீந்தும், கண்ணாடியிலும் கல்லிலும் வரிசையாக முட்டையிட்டுப் பசை பூசிவிட்டுப் போகும். கண்ணாடியைச் சுரண்டாமல் மருந்து மட்டும் போட்டுப் பயனில்லை. தங்கமீன் வாணிபத்தோடு சேர்ந்து ஆர்குலஸ் ஜப்பானிக்கஸ் என்ற வகை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

மருந்தே இல்லாத ஒன்றும் இருக்கிறது. வயிறு ஒரு பக்கம் மட்டும் பந்துபோல உப்பிக்கொண்டே வந்தால் சிறுநீரகத்தைத் தாக்கும் ஹோஃபெரெல்லஸ் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கு உப்பும் பிராசிகுவாண்டலும் ஆண்டிபயாட்டிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து மீனைப் படுத்துவதில் அர்த்தமில்லை. பொதுவாகவே ஆண்டிபயாட்டிக் ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. ஒட்டுண்ணி குடைந்த புண்ணில் பாக்டீரியா ஏறினால் மட்டுமே அதற்கு வேலை.

புது மீனை நான்கு வாரமாவது தனித்தொட்டியில், தனி வலை, தனிக் குழாயோடு வைப்பது இத்தனையையும் தவிர்க்கும் வழி. குளத்திலிருந்து பிடித்து வந்த நீர்ப்பூச்சியையும் செடியையும் அப்படியே தொட்டியில் விட்டால் பேனும் நங்கூரப் புழுவின் குஞ்சும் இலவசமாக வந்து சேரும்.

சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு ஸ்லைடு பார்ப்பேன். சில சமயம் முழுப் பரப்பையும் தேடியதில் ஒரே ஒரு டிரைக்கோடினா சுழன்றுகொண்டிருக்கும். மீன் நன்றாகச் சாப்பிடுகிறது, துடுப்பை விரித்து நீந்துகிறது, உரசவில்லை என்றால் அதற்கு மருந்து போட மாட்டேன். டிரைக்கோடினா பெரும்பாலும் தின்பது தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாவை. தண்ணீர் அழுக்கானால்தான் அது பெருகி மீனை அரிக்கும். ஃபில்டரைப் பார்ப்பேன், தீனியைக் கொஞ்சம் குறைப்பேன், அடுத்த வாரம் இன்னொரு ஸ்லைடு எடுப்பேன்.